நூறு ரூபாய் நஷ்டஈடு

போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏலக்காய் மூட்டையுடன் இறங்கிப் போடிநாயக்கனூர் வந்து சேரும் மனிதனுக்கு, அவ்வூர் முனிசிபாலிடியிடம் கேட்க வேண்டிய விஷயங்கள் பல உண்டு. குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும், சாக்கடையை யார் அள்ளுவார், சந்தைக் கட்டணம் ஏன் உயர்ந்தது என்பன போன்றவை அவை. இவற்றைக் கேட்பதற்கென்றே வார்டுதோறும் ஒரு பிரதிநிதியை ஜனங்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஆயினும் 2016 அக்டோபரில் கவுன்சில்களின் காலம் முடிந்ததிலிருந்து 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரையில், போடி உட்பட நம் மாநிலத்து முனிசிபாலிடிகள் யாவும் தனி அதிகாரிகளின் வசத்திலேயே இருந்தன. அரசியல் கட்சிகள் கோர்ட்டுக்குப் போயின; ஊர் மகாஜனங்களோ பெரும்பாலும் பொறுத்துக்கொண்டனர். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பற்றித் தெருவில் அதிகம் பேச்சில்லை.

முனிசிபல் நாற்காலி ஒன்றே ஒன்றின் பொருட்டு, பிரிட்டிஷ் சர்க்காரையே பிரதிவாதியாக நிறுத்திய ஒரு தமிழரின் சரித்திரத்தை இச்சமயத்தில் எழுதத் தோன்றுகிறது. அவர் சேலம் விஜயராகவாச்சாரியார்.

செங்கற்பட்டுச் சீமையில் பொன்விளைந்தகளத்தூரில் 1852 ஜூன் 18-இல் ஒரு வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சென்னை இராஜதானிக் கல்லூரியில் படித்து 1875-இல் பட்டம் பெற்றார். சில காலம் மங்களூரிலும் பின்னர் சேலத்திலும் உபாத்தியாயராக இருந்தார். சட்டக் கல்லூரியின் வாயிலை மிதியாமல், தாமே புஸ்தகங்களை வைத்துக்கொண்டு படித்துத் தேறி, 1881-இல் சேலத்தில் வக்கீலாக அமர்ந்தார். மறு வருஷமே, முப்பது வயதில், சேலம் முனிசிபல் கவுன்சிலில் அங்கத்தினரானார்.

அக்காலத்துக் கவுன்சில் எத்தகையது என்பதை இன்றைய வாசகர்கள் அறிய வேண்டும். 1871-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜில்லா கலெக்டரே பதவி வழியாக அதன் தலைவர். வரியை விதிப்பவரும், அதைப் பற்றிய விவாதத்தை நடத்துபவரும், அங்கத்தினரின் நன்னடத்தையைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுபவரும் பெரும்பாலும் ஒரே மனிதர். கமிஷனர்கள் என்று பெயர் பெற்றிருந்த அங்கத்தினர்களுக்குத் தலையாட்டுவதில் சிரமம் இருந்திருக்காது. எதிர்த்து எழுந்து நிற்பதில்தான் சிரமம். இந்நிலையை மாற்ற வேண்டும் என்றுதான் ரிப்பன் பிரபு 1882 மே 18-இல் தமது ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். காகிதத்தில் அது வந்த அதே வருஷத்தில் சேலத்தில் வேறொரு காரியம் நடந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், கோவில் ஊர்வலம் செல்லும் வழியில் மசூதி கட்டுவது பற்றிய தகராறு முற்றிச் சேலத்தில் பெருங் கலகம் மூண்டது. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்ட அந்நாட்களில் பெருமைப்படுவதற்கு எதுவும் இல்லை. கலகத்தைத் தூண்டியவர்களுள் ஒருவரென்று விஜயராகவாச்சாரியார் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. பத்து ஆண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. அவர் அயர்ந்துவிடவில்லை. சென்னை ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல் செய்து குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார். தாம் தப்பியதோடு நில்லாமல், அதே வழக்கில் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டிருந்த மற்றவர்களுக்காகவும் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டு, அவர்களும் வீடு திரும்பச் செய்தார்.

ஆனால் ஒரு பாக்கி இருந்தது. கலகத்தையொட்டிச் சர்க்கார் அவரைக் கவுன்சில் ஸ்தானத்திலிருந்து நீக்கியிருந்தனர். சிறையிலிருந்து மீண்டவன் ஒரு கவுன்சில் நாற்காலியைப் பற்றிக் கவலைப்படுவானா என்று சர்க்கார் எண்ணியிருக்கலாம். ஊரார் பலரும் அப்படித்தான் எண்ணியிருப்பர். சம்பளமில்லாத பதவி, சாக்கடையும் விளக்குமே பேச்சு. விஜயராகவாச்சாரியாரோ, லண்டனில் வீற்றிருந்த இந்தியா மந்திரியின் பேரில் சென்னையில் வழக்குத் தொடுத்தார். தம்மை நீக்கியது சட்டவிரோதம் என்றும், அதற்குச் சர்க்கார் நஷ்டஈடு தர வேண்டும் என்றும் கேட்டார்.

1884-இல் அவர் பக்கமே தீர்ப்பாயிற்று. கவர்னர் செய்த காரியம் என்ற ஒரே காரணத்தால் அது கோர்ட்டின் விசாரணைக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்பது நிலைநாட்டப்பட்டது. அவருக்குக் கிடைத்த நஷ்டஈடு 100 ரூபாய். கவுன்சில் ஸ்தானமும் திரும்பக் கிடைத்தது. வக்கீல் செலவுக்குக்கூடப் போதாத தொகை என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். ஜனப்பிரதிநிதியின் நாற்காலி கலெக்டர் இஷ்டப்பட்டால் இடும் ஆசனமன்று என்று, இந்தியா மந்திரியின் பணப்பெட்டியிலிருந்தே அவர் ரசீது வாங்கிவிட்டார். தென்னாட்டுச் சிங்கம் என்று ஜனங்கள் அவரை அழைத்ததற்கு இந்த வழக்குகளே மூலம். அந்த 1884-ஆம் வருஷத்திலேயே இந்த ராஜதானிக்குப் புதிய ஜில்லா முனிசிபாலிடிச் சட்டமும் வந்தது.

1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்கு அவர் சென்றார். 1895 முதல் 1901 வரை சென்னைச் சட்டசபையில் இருந்தார். அங்கத்தினர்கள் சர்க்காரைக் கேள்வி கேட்கலாம் என்ற உரிமை 1892-ஆம் வருஷச் சட்டத்தால் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. 1913-இல் டெல்லிச் சட்டசபைக்கும் போனார். 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரசுக்கு அவரே அக்ராசனர். ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதிபெற்ற மகாசபை அது. அத்திட்டமோ அவருக்குச் சம்மதமில்லை. தமக்குச் சம்மதமில்லாத தீர்மானம் தம் தலைமையிலேயே நிறைவேற அவர் இடங்கொடுத்தார். கவுன்சில் கூட்டத்தில் பழகியவனுக்கே வரும் குணம் அது. பின்னாளில் அவர் ஹிந்து மகாசபையின் பக்கம் சாய்ந்ததை நாம் மெச்ச முடியவில்லை. 1882-இன் சேலத்தைக் கண்ணால் கண்டவர் வேறு வழி தேடியிருக்கலாம்.

1917-இல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சேலம் முனிசிபாலிடியின் சேர்மனாக அமர்ந்தபோது, முன்னர் கலெக்டருக்குரியதாயிருந்த ஆசனம் அவ்வூர் வக்கீல் ஒருவருடையதாயிற்று. கிழச்சிங்கம் அப்போது அதே ஊரில், 65-ஆம் வயதில், வாழ்ந்துகொண்டிருந்தது.

இன்று வார்டுக் கமிட்டி, பகுதி சபை என்பவை சட்டத்தில் ஏறிவிட்டன. 2022 நவம்பர் 1-இல் நம் மாநிலத்து நகரங்களில் பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. சாமானியனும் எழுந்து கவுன்சிலரைக் கேட்கலாம். விஜயராகவாச்சாரியார் காலத்துச் சேலத்துக் கைத்தறிக்காரனுக்கு அத்தகைய இடமே இல்லை. கேட்க வேண்டுமானால் மனு எழுதிக்கொண்டு கலெக்டர் கச்சேரி வாசலில் நிற்க வேண்டியதுதான். போடியில் வார்டுக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அவ்வூர் வாசகர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

1944 ஏப்ரல் 19-இல், 91-ஆம் வயதில், விஜயராகவாச்சாரியார் காலமானார். சுதந்திர தினத்துக்கு இன்னும் மூன்றாண்டுகளும் சில மாதங்களும் இருந்தன.