ஃபூரியரும் என் அரியரும்



எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம் ஆலங்குளம். அங்கே சிமெண்ட் ஆலையில் கில்ன் பக்கம்தான் அப்பாவுக்கு வேலை. உள்ளே சுமார் 1,450 டிகிரி சூடு. அந்தச் சூடு செங்கல்லைத் தாண்டி எப்படி வெளியே வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதைப் போட்டவர் ஃபூரியர். அவர் பெயரில் உள்ள தொடரில்தான் நம் கல்லூரியில் நான் இரண்டு தடவை அரியர் வைத்தேன்! அந்தக் கடனைத் தீர்க்க அவர் கதையைச் சொல்கிறேன்.

ழோசப் ஃபூரியர் 1768-ல் பிரான்ஸில் ஓசேர் என்ற ஊரில் ஒரு தையற்காரர் வீட்டில் பிறந்தவர். பத்து வயசு வாக்கில் தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்துவிட்டார். பாதிரிமார் நடத்திய பள்ளியில் கணக்குப் பித்துப் பிடித்தது. பீரங்கிப் படையில் சேர மனுப் போட்டார்; உயர்குடியில் பிறக்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள். புரட்சிக் காலத்தில் சிறைக்குப் போய், 1794-ல் எப்படியோ தலை தப்பியது. 1798-ல் நெப்போலியனோடு எகிப்து போனார். திரும்பி வந்ததும் கிரெனோபிளில் நம்ம கலெக்டர் மாதிரி ஒரு பதவி. சதுப்பு நிலத்தை வடிப்பது, ரோடு போடுவது என்று அலைச்சல். அதற்கு நடுவில்தான் வெப்பக் கணக்கு.

எப்படிப்பட்ட வளைவையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதிவிடலாம் என்று 1807-ல் பாரிஸுக்குக் கட்டுரை அனுப்பினார். பெரிய மேதை லக்ராஞ்ச் ஒப்பவில்லை. 1812-ல் பரிசு கொடுத்தார்கள், அதுவும் நிரூபணம் முழுமையில்லை என்ற குறையோடு. புத்தகமாக வந்தது 1822-ல். பதினைந்து வருஷம்! 1830-ல் காலமானார்.

இதற்கும் வீடியோவுக்கும் என்ன சம்பந்தம்? 720-க்கு 576 புள்ளி, புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 படம் என்று பெருக்கிப் பாருங்கள். நொடிக்குச் சுமார் 25 கோடி பிட்! எந்தக் கம்பி தாங்கும்? பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, கொசைன் அலைகளைக் கொண்டு படத்தைச் சுருக்கலாம் என்று 1972-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. மனுஷன் விடவில்லை. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-ல் வெளியிட்டார். ராவ் நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்தவராக்கும்!

விஷயம் இம்புட்டுத்தான். படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 64 அலைகளாகப் பிரிப்பது. சுவர், வானம் போன்ற இடத்தில் நாலைந்து அலைதான் பெரிசு. கண்ணுக்குத் தெரியாத பொடி அலைகளை விட்டுவிடலாம். அடுத்த படத்துக்கு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். ஆனால் வழியில் ஒன்று தொலைந்தால், அதை நம்பி வருகிற படங்களெல்லாம் கெடும். அதனால் இடையிடையே முழுப்படம் ஒன்றை அனுப்புவார்கள். இப்படித்தான் 25 கோடி சில பத்து லட்சங்களாகச் சுருங்குகிறது.

அப்பாவின் கடைசி வாரத்தில் நான் வெளிநாட்டில் இருந்தேன். தம்பி வீடியோ காலில் போனைப் பிடித்துக் காட்டினான். சிக்னல் மோசம். அப்பா முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, அப்படியே நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் முழுப்படம் ஒன்று வந்து சேர்ந்தது போலும், முகம் தெளிந்தது. கையை ஆட்டினார். நான் பார்த்த கடைசி அசைவு அதுதான்.

அரியர் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, என்னத்துக்கு இந்தக் கணக்கு என்று நானும் கேட்டவன்தான். ஃபூரியரைத் தள்ளினார்கள், நாசிர் அகமதுவைத் தள்ளினார்கள். இருவரும் கணக்கைக் கீழே வைக்கவில்லை. நீங்களும் வைத்துவிடாதீர்கள். மூன்றாவது தடவையில் நான் பாஸ்!

வாழ்க நம் கல்லூரி!