ஆற்றங்கரையில் ஓர் ஆசான்

மாலையில் கல்லூரி மணி அடித்ததும் நண்பர்களில் சிலர் விளையாட்டுத் திடலுக்குச் செல்வர். சிலர் தேநீர்க் கடைக்குச் செல்வர். நான் கடைத்தெருவிலுள்ள ஒரு ஜவுளிக் கடைக்குச் செல்வேன். இரவு ஒன்பது மணி வரை அங்கே துணி அளந்து கிழித்துக் கொடுப்பது என் வேலை. அதில் கிடைக்கும் பணத்தில்தான் என் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் நடக்கின்றன. ஒரு நாள் வகுப்புத் தோழர்கள் மூவர் சட்டைத் துணி எடுக்கக் கடைக்கு வந்தனர். அவர்களைக் கண்டதும் நான் துண்டுக் கட்டுகளுக்குப் பின்னால் குனிந்து ஒளிந்து கொண்டேன். அவர்கள் போன பிறகே எழுந்தேன். கடை அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால்கூட எனக்கு அத்தனை வேதனை இருந்திராது.

அந்த வெட்கத்தை இன்று இம்மலரில் எழுதும் துணிவை எனக்குத் தந்தவர் ஒருவர் உண்டு. அவர் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆங்கில இலக்கிய வரலாற்றில் இரண்டே வரிகளில் வந்து போகும் ஐசக் வால்டன் என்பவரே அவர். மீன் பிடிப்பதைப் பற்றி நூல் எழுதியவர் என்று வகுப்பில் குறிப்பு எடுத்துக்கொண்டோம், தேர்வில் எழுதினோம், மறந்தோம். பின்னொரு நாள் நூலகத்தில் அவர் வாழ்க்கையைப் படித்தபோதுதான், அவரும் என்னைப் போல் துணி அளந்தவர் என்பது தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வால்டன் 1593ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பல்கலைக்கழகத்தின் வாசற்படியை மிதிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இளமையிலேயே லண்டன் சென்று, துணி வணிகரான உறவினர் ஒருவரிடம் தொழில் பழகினார். அக்காலத்தில் லண்டனில் தொழில் செய்ய வேண்டுமானால் ஏதேனும் ஒரு வணிகர் சங்கத்தில் உரிமை பெற்றாக வேண்டும். 1618இல் அவருக்கு அவ்வுரிமை கிடைத்தது. எந்தச் சங்கத்தில் தெரியுமா? இரும்பு வணிகர் சங்கத்தில்! விற்றதோ துணி, சேர்ந்ததோ இரும்புச் சங்கம். பிறகு ஃபிளீட் தெருவில் கடை வைத்தார்.

அந்தக் கடையே அவருக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பக்கத்தில் இருந்த புனித டன்ஸ்டன் தேவாலயத்துக்கு 1624இல் குருவாக வந்தவர் ஜான் டன். ஆங்கிலக் கவிதையின் பெருமைகளுள் ஒருவரான அந்த டன்னின் சொற்பொழிவுகளைத் துணி வணிகர் வால்டன் கேட்டார். அவருடைய நட்பையும் பெற்றார். ஈட்டன் பள்ளியின் தலைவராக விளங்கிய சர் ஹென்றி வாட்டனும் அவருடைய நண்பரானார். இருவரையும் இணைத்தது எது? தூண்டில்! அரசர்களிடம் தூது சென்ற வாட்டனும், அளவுகோல் பிடித்த வால்டனும் ஆற்றங்கரையில் அருகருகே அமர்ந்தனர். நீரோட்டத்தின் முன் உயர்வு தாழ்வு ஏது?

டன் 1631இல் மறைந்தார். அவர் வரலாற்றை எழுதுவதாக இருந்தவர் வாட்டன். செய்திகளைத் திரட்டித் தரும் பணி மட்டுமே வால்டனுடையது. ஆனால் எழுதி முடிக்காமலே 1639இல் வாட்டனும் மறைந்தார். கற்றறிந்த பெருமக்கள் பலர் இருக்க, அந்தச் சுமை துணிக்கடைக்காரரின் தோளில் வந்து இறங்கியது. நான் எழுதத் தகுந்தவனா என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அச்சத்தோடேயே எழுதினார். 1640இல் டன்னின் சொற்பொழிவுத் தொகுதியின் முன்னே அந்த வரலாறு வெளிவந்தது. பின்னர் வாட்டன், ஹூக்கர், ஜார்ஜ் ஹெர்பர்ட், சாண்டர்சன் ஆகியோரின் வரலாறுகளையும் எழுதினார். ஆங்கிலத்தில் வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகைக்கு வழி வகுத்தோருள் ஒருவர் என்று இன்றும் அவரைப் போற்றுகின்றனர்.

புகழ் வந்த அதே 1640இல் அவர் மனைவி ரேச்சல் இறந்தார். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஏழு பேர். ஏழு பேரில் ஒருவர்கூட வளர்ந்து ஆளாகவில்லை. இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் நூலகச் சன்னலருகே நின்றேன். ஏழு சிறு சவப்பெட்டிகளைத் தூக்கிச் சென்ற கைகள் அல்லவா பின்னாளில் தூண்டிலைப் பிடித்தன!

நாட்டின் நிலையும் வீட்டின் நிலையைப் போலவே இருந்தது. 1642இல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. 1649இல் மன்னர் முதலாம் சார்லசின் தலை துண்டிக்கப்பட்டது. வால்டன் மன்னர் பக்கத்தவர். நண்பர்களான குருமார் பலர் பதவி இழந்து ஊர் ஊராக அலைந்தனர். 1651இல் வூஸ்டர் போரில் இரண்டாம் சார்லஸ் தோற்றோடியபோது, அவருடைய பதக்கம் ஒன்றைப் பகைவர் கையில் சிக்காமல் லண்டனுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு வால்டனிடம் வந்தது. அகப்பட்டால் பேராபத்து. ஐம்பத்தெட்டு வயது வணிகர் அதைப் பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்த்தார். சாதுவான தூண்டிற்காரரிடம் இத்தகைய துணிவும் இருந்தது!

இந்தப் பின்னணியில்தான் 1653இல் அவருடைய தூண்டில் நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு ஏறத்தாழ அறுபது வயது. நூலின் கதை மிக எளியது. மீன் பிடிப்பவர் ஒருவர் வழிப்போக்கர் ஒருவருடன் லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றங்கரையில் நடக்கிறார். நடந்துகொண்டே தம் கலையைக் கற்றுத் தருகிறார். மழை வந்தால் வேலியோரம் ஒதுங்குகின்றனர். பால் கறக்கும் பெண்ணின் பாட்டைக் கேட்கின்றனர். இரவில் சத்திரத்தில் மீனைச் சமைத்து உண்டு உறங்குகின்றனர். அரசியலில் தோற்ற தம் மக்களுக்கு, வெறுப்பில்லாமல் வாழ இன்னும் ஓர் ஆறு மீதி இருக்கிறது என்று அவர் காட்டினார். அந்நூலை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இனி, நம் வகுப்புக் குறிப்பில் இடம்பெறாத ஒரு செய்திக்கு வருகிறேன். தூண்டிற் கலையின் உச்சி என்று கூறப்படுவது, செயற்கை ஈயைக் கொண்டு டிரவுட் மீனைப் பிடிப்பது. டிரவுட் தெளிந்த, குளிர்ந்த ஓடையில் வாழும் மீன். கூர்ந்த பார்வையும் மிகுந்த எச்சரிக்கையும் உடையது. ஆனால் மே மாதக் கடைசியில் அதன் எச்சரிக்கை குலையும் நாட்கள் சில உண்டு. அவை மே ஈக்கள் எழும் நாட்கள்.

முதல் மழைக்குப் பின் நம் ஊரில் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைப் பார்த்திருக்கிறோம். மே ஈ ஈசலின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் காட்சி ஏறத்தாழ அதுவே. பெரிய மே ஈயின் புழுப்பருவம் ஆற்றின் அடிச்சேற்றில் வளை தோண்டிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வாழ்கிறது. பின் ஒரு நாள் நீர்மட்டத்துக்கு எழுந்து வந்து தோலை உரிக்கிறது. சிறகு விரித்துச் சற்று நேரம் நீரிலேயே மிதந்து, பிறகு கரையோர மரத்துக்குப் பறக்கிறது. அங்கே இன்னொரு முறை தோல் உரிக்கிறது. சிறகு முளைத்த பின்னும் தோல் உரிக்கும் பூச்சியினம் இது ஒன்றே. அதற்கு உண்ண வாய் இல்லை. நீரின்மேல் கூட்டமாக ஆடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடிந்து நீரில் வீழ்கிறது. ஈரச் சிறகுடன் அது மிதக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே டிரவுட் கீழே காத்திருக்கிறது. மீனுக்காகக் கரையில் மனிதன் காத்திருக்கிறான். காலம் பார்த்து அமர்ந்திருக்கும் கொக்கை வள்ளுவர் உவமையாகக் காட்டியது என் நினைவுக்கு வந்தது.

இந்தக் கலையில் வால்டன் வல்லவரா? இல்லை என்பதே உண்மை. புழுவும் சிறு மீனும் கோத்துப் பிடிப்பதில்தான் அவர் கை தேர்ந்தவர். முதற் பதிப்பில் ஈத்தூண்டில் பற்றி எழுதியவற்றுள் பெரும்பகுதியைத் தாமஸ் பார்க்கர் என்பவரிடமிருந்து பெற்றார், பெற்றதை மறைக்கவுமில்லை. பார்க்கர் யார்? தொழிலால் ஒரு சமையற்காரர்! சமையற்காரரிடம் கற்றதைத் துணிக்கடைக்காரர் எழுதினார். அதை நாடே படித்தது.

அதோடும் அவர் நிற்கவில்லை. டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்த சார்லஸ் காட்டன் என்னும் கவிஞர் அவருடைய நண்பர். வால்டனைவிட முப்பத்தேழு வயது இளையவர். அவரைத் தந்தையாகவே மதித்தவர். சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே ஓடும் அந்தத் தெளிந்த ஆற்றில் ஈத்தூண்டில் வீசுவதில் காட்டனே மன்னர். 1676இல் தம் நூலின் ஐந்தாம் பதிப்பு வரும் வேளையில், அப்பகுதியைக் காட்டனையே எழுதச் செய்தார் வால்டன். குதிரைவால் மயிரைத் திரித்துச் செய்த மெல்லிய நூல், நீண்ட கோல், நீரிலிருந்து விலகி நின்று மென்மையாக வீசும் முறை, மாதந்தோறும் கட்ட வேண்டிய ஈக்களின் வகை என்று யாவற்றையும் காட்டன் எழுதினார். மே மாதத்துப் பச்சை ஈயை எவ்வாறு இறகாலும் மயிராலும் பட்டு நூலாலும் செய்வது என்பதும் அதில் உண்டு.

நண்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அப்போது வால்டனின் வயது எண்பதுக்கு மேல். இருபத்து மூன்று ஆண்டுகளாகப் புகழ் பெற்று நிற்கும் நூல். அதில் தமக்குத் தெரியாததை இளையவன் ஒருவனை எழுதவிட்டு, அவன் பெயரையும் போட்டுத் தம் நூலோடு சேர்த்துக் கட்டினார். நம்மில் எத்தனை பேருக்கு இந்த மனம் வரும்? காட்டனும் குருவை மறக்கவில்லை. 1674இல் டவ் கரையில் கல்லால் கட்டிய சிறு தூண்டில் மண்டபத்தின் வாயிலில், இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் பின்னிப் பிணைத்துப் பொறித்து வைத்தார்.

வால்டனிடம் எனக்குக் குறை தெரியவில்லை என்று கூறமாட்டேன். உயிருள்ள தவளையைத் தூண்டில் முள்ளில் கோப்பதை அவர் கனிவான மொழியில் விளக்குகிறார். அந்தக் கனிவே என்னை உறுத்தியது. கவிஞர் பைரனும் இது குறித்து அவரைச் சாடியிருக்கிறார். அன்புள்ளம் கொண்ட ஒருவர், தம் கையிலுள்ள சிற்றுயிரின் வலியை மட்டும் எப்படிக் காணாமல் போனார்? என்னால் விடை கூற இயலவில்லை. பெரியவர்களைப் போற்றுவோம், கண்ணை மூடிக்கொண்டு போற்ற வேண்டியதில்லை.

இரண்டாம் மனைவி ஆன் 1662இல் காலமானார். அவர் வழிப் பிறந்த மகனும் மகளும் தந்தையின் முதுமைக்குத் துணையாயினர். வின்செஸ்டர் நகரில் மருமகனின் இல்லத்தில் 1683 டிசம்பர் 15ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் வால்டன் கண்மூடினார். அந்நகரின் பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே 1914இல் அமைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னலில், ஆற்றங்கரையில் அமர்ந்து நூல் படிக்கும் வால்டனைக் காணலாம் என்பர்.

அவருடைய உயிலில் ஒரு செய்தி என் நெஞ்சைத் தொட்டது. ஸ்டாஃபோர்டு அருகே தமக்கிருந்த பண்ணையின் வருவாயைப் பிறந்த ஊரின் ஏழைகளுக்கு அவர் எழுதி வைத்தார். ஏழைச் சிறுவர் ஆண்டுதோறும் தொழில் பழகவும், ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு உதவவும், குளிர்காலத்தில் எளியவர்க்கு நிலக்கரி வழங்கவும் அந்தப் பணம். தந்தையற்ற சிறுவனாகத் தொழில் பழகப் போன நாளை, தொண்ணூறு வயதிலும் அவர் மறக்கவில்லை.

டிரவுட் மீன் நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் அதை நீலகிரி ஓடைகளில் வளர்க்கப் பலமுறை முயன்று தோற்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வெற்றி கண்டனர். என்றேனும் அந்த மலையோடை ஒன்றின் கரையில், தூண்டில் இல்லாமல், சும்மா அமர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சென்ற மாதம் அதே தோழர்கள் மீண்டும் கடைக்கு வந்தனர். நான் ஒளியவில்லை. அளவுகோலை எடுத்தேன், இரண்டேகால் மீட்டர் அளந்தேன், நேராகக் கிழித்தேன். அவர்களில் ஒருவன், "இங்கேயா வேலை செய்கிறாய்? முன்பே தெரிந்திருந்தால் உன்னிடமே வந்திருப்போமே" என்றான். அவ்வளவுதான். இத்தனை நாள் நான் அஞ்சியது இதற்காகவா! அவர்கள் சென்ற பின் அண்ணாச்சி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். துணி மடிப்பதற்குக் கைகள் தாமாகவே சென்றன.