பிரெடரிக் பைல்

சர் பிரெடரிக் ஆல்பிரட் பைல் (செப்டம்பர் 14, 1884 – நவம்பர் 14, 1976) பிரித்தானியத் தரைப்படைத் தளபதிகளுள் ஒருவர் ஆவார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் வானூர்தி எதிர்ப்புக் கட்டளையகத்திற்கு 1939 முதல் 1945 வரை தலைமை தாங்கினார். 1944 ஆம் ஆண்டில் ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டுகளிடமிருந்து இலண்டனைக் காத்ததில் இவரது பீரங்கிப் படைக்குப் பெரும் பங்கு உண்டு.

இளமையும் படைப்பணியும்

பைல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். இவரது தந்தை தாமஸ் பைல் அந்நகரின் மேயராக இருந்தவர். ஊலிச் இராணுவக் கல்விக்கூடத்தில் பயின்ற பைல், 1904 இல் பீரங்கிப் படையில் அதிகாரியானார். முதல் உலகப் போரில் வீர விருதுகள் பெற்றார். பின்னர் டாங்கிப் படைக்கு மாறினார். 1939 சூலையில் வானூர்தி எதிர்ப்புக் கட்டளையகத்தின் பொறுப்பை ஏற்றார்.

பெண்களும் பீரங்கி அணிகளும்

பீரங்கிகளுக்குப் போதிய ஆட்கள் கிடைக்காதது பைல் எதிர்கொண்ட பெருஞ்சிக்கலாகும். பெண்களால் இப்பணியைச் செய்ய இயலுமா என்பது குறித்து, போருக்கு முன்னரே 1938 இல் மின்பொறியாளர் கரோலின் ஹாஸ்லெட்டிடம் கருத்துக் கேட்டார். 1941 ஆகஸ்டில் ஆண்களும் பெண்களும் இணைந்த முதல் அணி இலண்டன் ரிச்மண்ட் பூங்காவில் நிறுத்தப்பட்டது. தொலைவை அளத்தல், ராடாரை இயக்குதல், குறியைக் கணக்கிடுதல் முதலியவற்றைப் பெண்கள் செய்தனர். பீரங்கியைச் சுடுவதற்கு மட்டும் அவர்களுக்கு அனுமதி இல்லை. பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் மகள் மேரியும் இத்தகைய அணியொன்றில் பணியாற்றினார்.

பறக்கும் குண்டுகள்

1944 சூன் 13 அன்று முதல் வி-1 குண்டுகள் இங்கிலாந்தில் விழுந்தன. அன்று கிழக்கு இலண்டனில் ஆறு பேர் உயிரிழந்தனர். ஆளில்லாத இக்குண்டு ஏறத்தாழ 850 கிலோ வெடிபொருளைச் சுமந்து, மணிக்குச் சுமார் 640 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. அது பறந்த உயரம் சிறிய பீரங்கிகளுக்கு மிகுதியாகவும், பெரிய பீரங்கிகளை விரைந்து திருப்பிச் சுட முடியாத அளவுக்குக் குறைவாகவும் இருந்தது. சண்டை வானூர்திகளும் பீரங்கிகளும் ஒன்றன் பணிக்கு மற்றொன்று இடையூறாயின. மேலும், நிலத்தின் மேல் வீழ்த்தப்பட்ட குண்டுகள் கென்ட் பகுதி ஊர்களில் விழுந்து வெடித்தன.

எனவே, பீரங்கிகளை இலண்டனுக்குத் தெற்கிலுள்ள குன்றுகளிலிருந்து கடற்கரைக்கு மாற்ற, வான்காப்புத் தளபதி ரோடரிக் ஹில் சூலை 13 அன்று முடிவு செய்தார். பைல் இதனை முழுமையாக ஆதரித்து உடனே செயலில் இறங்கினார். சில நாட்களுக்குள் சுமார் 23,000 ஆண்களும் பெண்களும் பீரங்கிகளுடன் இடம் மாறினர். ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளத் தொலைபேசிக் கம்பிகள் இடப்பட்டன. நிலையான பீரங்கிகளுக்குக் கற்காரைத் தளம் அமைக்க நேரமில்லாததால், தண்டவாளங்களும் மரக்கட்டைகளும் கொண்ட மேடைகள் பயன்படுத்தப்பட்டன. படையினர் இவற்றைப் பைலின் மெத்தை என அழைத்தனர்.

இம்மாற்றம் துணிச்சலானது. முதல் சில நாட்களில் சண்டை வானூர்திகள் வீழ்த்திய குண்டுகளின் எண்ணிக்கை குறைந்ததால், தற்காப்பின் மொத்தப் பயனும் குறைந்தது. ஆனால் கடலை நோக்கிச் சுட்ட பீரங்கிகளுக்குத் தடையேதும் இல்லை. புதிய அமெரிக்க ராடாரும், குறியைத் தானே கணக்கிடும் கருவியும், இலக்கை நெருங்கியதும் வெடிக்கும் எறிகுண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. பீரங்கி வலயத்திற்குள் நுழைந்த குண்டுகளில் முதல் வாரத்தில் 17 விழுக்காடே வீழ்த்தப்பட்டது. ஆகஸ்ட் இறுதியில் இது 74 விழுக்காடாக உயர்ந்தது. ஆகஸ்ட் 28 அன்று வந்த ஏறத்தாழ நூறு குண்டுகளில் நான்கு மட்டுமே இலண்டனை அடைந்தன.

செப்டம்பர் தொடக்கத்தில் பிரான்சிலிருந்த ஏவுதளங்கள் நேச நாட்டுப் படைகளிடம் வீழ்ந்தன. அதன்பின் வானூர்திகளிலிருந்து ஏவப்பட்ட குண்டுகளை எதிர்கொள்ளப் பீரங்கிகள் கிழக்குக் கரைக்கு மாற்றப்பட்டன. போர் முடிவதற்குள் பிரித்தானியாவில் வி-1 குண்டுகளால் 6,184 பேர் உயிரிழந்தனர். பீரங்கிகள் 1,878 குண்டுகளையும், சண்டை வானூர்திகள் 1,846 குண்டுகளையும், தடுப்புப் பலூன்கள் 231 குண்டுகளையும் அழித்தன. ஒலியை விஞ்சிய வேகத்தில் வந்த வி-2 ஏவுகணைகளைத் தடுக்கப் பைல் வகுத்த திட்டத்தை அரசு ஏற்கவில்லை.

இறுதிக்காலம்

1945 ஏப்ரலில் பைல் படையிலிருந்து ஓய்வு பெற்றார். தமது போர்க்கால அனுபவங்களை 1949 இல் ஆக்-ஆக் என்னும் நூலாக வெளியிட்டார். 1976 இல் தமது 92 ஆவது வயதில் காலமானார்.