மெக்காலேயின் சட்டமும் நம் பெண்களின் புகாரும்

மெக்காலே என்றதும் நமக்குப் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலக் கல்வியைத் தந்தவர் என்று சிலர் புகழ்வார்கள். குமாஸ்தாக்களை உருவாக்கியவர் என்று சிலர் திட்டுவார்கள். வடக்கே தலித் சிந்தனையாளர்கள் சிலர் அவர் பிறந்த நாளான அக்டோபர் 25-ஐக் கொண்டாடவும் செய்கிறார்கள். ஆனால் கோவில்பட்டியிலோ திருச்செந்தூரிலோ ஒரு பெண் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லக் காவல் நிலையப் படியேறும்போது, அவள் எதிரே இருப்பது மெக்காலே செய்துவைத்த இன்னொரு வேலை. அது இந்தியத் தண்டனைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆனாலும் எது வன்புணர்ச்சி, எது சம்மதம் என்று சொல்லும் இடத்தில் அவர் 1837-இல் போட்ட அடித்தளம் இன்னும் கிடக்கிறது. அதனால் அந்த மனிதரின் வாழ்க்கையை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

தாமஸ் பாபிங்டன் மெக்காலே 1800-இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் பிறந்தார். தந்தை சக்காரி மெக்காலே இளம் வயதில் ஜமைக்காவின் கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். அடிமைகள் பட்ட பாட்டை அங்கே கண்ணால் கண்டு, பிறகு வாழ்நாள் முழுவதும் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டார். அந்த வீட்டில்தான் மகன் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். 1826-இல் வழக்கறிஞராகப் பதிந்தாலும் நீதிமன்றத்தில் பெரிதாக வாதாடியதில்லை. எழுத்தும் பேச்சும்தான் அவருக்குப் பெயர் தந்தன. 1830-இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அங்கே அவர் முதலில் பேசியது யூதர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று.

1833-இல் அடிமை ஒழிப்பு மசோதா வந்தது. விடுதலைக்குப் பிறகும் அடிமைகள் பல ஆண்டுகள் பழைய எஜமானிடமே வேலை செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. ஆளும் தரப்பில் பதவியில் இருந்துகொண்டே மெக்காலே அதை எதிர்த்தார். பதவி விலகவும் முன்வந்தார். பிறகு அந்தக் காலம் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு கம்பெனி ஆட்சிக்கான புதிய பட்டயச் சட்டமும் வந்தது. மதம், பிறப்பு, நிறம் காரணமாக எந்த இந்தியருக்கும் அரசு வேலை மறுக்கக் கூடாது என்ற பிரிவு அதில் இருந்தது. கவர்னர் ஜெனரல் சபையில் சட்ட உறுப்பினர் என்ற பதவியும் உண்டானது. அந்தப் பதவி மெக்காலேக்குக் கிடைத்தது. சம்பளம் ஆண்டுக்கு 10,000 பவுண்டு. தந்தையின் தொழில் நொடித்துப் போய்க் குடும்பம் கடனில் இருந்ததால், பணத்துக்காகவும்தான் அவர் கப்பலேறினார்.

1834 ஜூன் 10-ஆம் தேதி சென்னைக் கரையில் இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உதகமண்டலத்தில் தங்கியிருந்ததால் அவரைப் பார்க்க அங்கே போனார். ஏறக்குறைய 400 மைல். அவ்வளவு தூரமும் பல்லக்குத் தூக்கிகளின் தோளில்தான் போனார். அப்போது நம் தூத்துக்குடி டச்சுக்காரர்களிடமிருந்து கம்பெனி கைக்கு வந்து 9 ஆண்டுதான் ஆகியிருந்தது. முத்துக்குளிப்பும் உப்பும் கம்பெனி அரசின் பிடியில் இருந்தன.

அன்றைய சட்டத்தில் சாதி எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் மெக்காலே செய்தது புரியும். காசிப் பகுதியில் பிராமணருக்குத் தூக்குத் தண்டனை கிடையாது என்ற விலக்கு 1817 வரை இருந்தது. நம் சென்னை மாகாணத்தில் 1816-இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டம், சிறு குற்றம் செய்தவர் தாழ்ந்த சாதி என்றால் அவரைத் தொழுமரத்தில் மாட்டிவைக்கக் கிராமத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்தது. மற்றச் சாதியாருக்கு அந்த அவமானம் இல்லை. தெற்கே வயல்களில் நம் முன்னோர் பலர் பண்ணையடிமைகள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆண்டை என்ன செய்தாலும் கேட்க நாதியில்லை.

1835-இல் முதல் சட்ட ஆணையத்துக்கு மெக்காலே தலைவரானார். உடன் இருந்தவர்களில் மெக்லியாட் சென்னை மாகாணத்தின் சார்பில் வந்தவர். உறுப்பினர்கள் அடிக்கடி நோயில் விழுந்ததால் வேலையின் பெரும்பகுதி மெக்காலே தலையில் விழுந்தது. 1837-இல் 488 பிரிவுகள் கொண்ட வரைவு அரசின் கைக்குப் போனது. குற்றத்துக்குத் தண்டனை உண்டு. செய்தவன் எந்தச் சாதி, பட்டவள் எந்தச் சாதி என்பதைப் பொறுத்துத் தண்டனை ஏறவோ இறங்கவோ செய்யாது.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அந்த ஆணையம் செய்தது. அடிமைகளைப் பற்றி நாடெங்கும் விசாரித்து, வரைவோடு சேர்த்த குறிப்பில் தன் முடிவைச் சொன்னது. எஜமான் தன் அடிமைக்குச் செய்தது என்பதற்காக எந்தக் குற்றமும் குற்றமில்லாமல் போகாது என்பதே அந்த முடிவு. ஆண்டையின் கை ஓர் அடிமைப் பெண்ணின் மேல் விழுந்தால், சட்டத்தின் முன் அதுவும் குற்றமே. எழுத்தில் இப்படி ஒரு வாசகம் வர நம் பாட்டிமார்கள் எத்தனை நூறு ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அதே பேனா இன்னொரு எஜமானை விட்டுவிட்டது. வன்புணர்ச்சி பற்றிய பிரிவின் கடைசியில், கணவன் மனைவியோடு கொள்ளும் உறவு எந்த நிலையிலும் வன்புணர்ச்சி ஆகாது என்று எழுதினார். மனைவிக்கு வயது வரம்புகூட அதில் இல்லை. இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி மேத்யூ ஹேல் எழுதிவைத்ததை இங்கிலாந்து அப்படியே பின்பற்றி வந்தது. சிறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு, பிறகு புறக்கணிக்கப்படும் இந்திய மனைவிமாரின் நிலையைக் காட்டி, கள்ள உறவைக் குற்றமாக்க வேண்டாம் என்று வாதாடியவரும் இதே மெக்காலேதான். அந்த இரக்கம் இந்தப் பிரிவுக்கு வந்து சேரவில்லை.

அவரிடம் இனத் திமிரும் இருந்தது. இந்திய மொழி எதுவும் தெரியாமலே சமஸ்கிருத, அரபு நூல்களை ஒட்டுமொத்தமாக மட்டம் தட்டினார். இன்னொரு பக்கம், கல்கத்தாவுக்கு வெளியே குடியிருந்த ஆங்கிலேயர்களின் உரிமை வழக்குகளில் அவர்களுக்கு இருந்த தனிச் சலுகையை 1836-இல் எடுத்துவிட்டு, தன் இனத்தாரின் பத்திரிகைகளில் வசவும் வாங்கினார். 1838-இல் நாடு திரும்பினார். அமைச்சரானார், இங்கிலாந்து வரலாற்றை எழுதிப் பெரும்புகழ் பெற்றார், 1857-இல் பிரபுப் பட்டமும் வந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1859 டிசம்பர் 28-ஆம் தேதி இறந்தார்.

அவர் எழுதிய சட்டம் 22 ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகுதான் அரசு அதைத் தூசி தட்டியது. பார்ன்ஸ் பீகாக் திருத்தி, 1860 அக்டோபரில் நிறைவேறி, 1862 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. 375-ஆம் பிரிவு வன்புணர்ச்சியை விளக்கியது. கணவனுக்கான விலக்கில் மனைவிக்கு 10 வயது ஆகியிருக்க வேண்டும் என்று மட்டும் சேர்த்தார்கள். அதன் விலை கல்கத்தாவில் தெரிந்தது. பூல்மணி என்ற சிறுமி கணவனால் இறந்தாள். வயது 10-ஐத் தாண்டியிருந்ததால் அவன்மேல் வன்புணர்ச்சிக் குற்றம் நிற்கவில்லை. 1891-இல் வரம்பு 12 ஆனது. 2017-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 18-க்கு வந்தது. 18 தாண்டிய மனைவிக்கு இன்றைய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் வழியில்லை.

விலக்கு மட்டும் அல்ல, சம்மதம் பற்றி மெக்காலே எழுதியதும் நம் பெண்களைத் துரத்தியது. மரணத்துக்கோ காயத்துக்கோ பயந்து கொடுத்த சம்மதம் சம்மதமாகாது என்று எழுதினார். வேறு பயங்களை அவர் சேர்க்கவில்லை. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே காவலர்களால் சிதைக்கப்பட்டதாக வழக்கு. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை, சட்டம் சொல்லும் மரண பயமோ காய பயமோ நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். காக்கிச் சட்டையின் முன் ஒரு கூலிக்காரச் சிறுமிக்கு வரும் பயம் கணக்கில் வரவில்லை. நான்கு சட்டப் பேராசிரியர்கள் திறந்த மடல் எழுதினார்கள், நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. எதிர்த்துப் போராடவில்லை என்பது மட்டுமே சம்மதம் ஆகாது என்ற விளக்கம் சட்டத்தில் ஏற 2013 வரை ஆனது.

இந்தப் பயத்தை நம் கடற்கரையில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் அளத்துக்கு நடக்கும் பெண்ணுக்கு, நாளைக்கு வேலை இல்லை என்ற ஒரு சொல்லே போதும். வாங்கிய முன்பணம், குடியிருக்கும் இடம், ஊர்க் குழாய்த் தண்ணீர் எல்லாம் யார் கையில் இருக்கிறதோ, அவர்மேல் வரும் பயம் மரண பயமும் அல்ல, காய பயமும் அல்ல. ஆனால் அது வாயை அடைக்கும்.

இந்த ஓட்டையை முதலில் அடைத்தது 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணின் விருப்பத்தை மீறும் அளவுக்கு ஆதிக்க நிலையில் இருப்பவர், அந்த நிலையைக் காட்டி அவளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினால் குற்றம் என்றது. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று மெக்காலே எழுதியது அவர் காலத்துக்குப் புரட்சி. ஆனால் புகாரை எழுதும் கை, உடலைச் சோதிக்கும் கை, தீர்ப்பு எழுதும் கை எல்லாவற்றிலும் சாதி இருக்கும்போது, சாதியைப் பார்க்காத சட்டம் பாதி வழியில் நின்றுவிடும். வாச்சாத்தியில் 1992-இல் 18 பழங்குடிப் பெண்களுக்கு அரசு ஊழியர்களே அந்தக் கொடுமையைச் செய்தார்கள். தீர்ப்பு வர 2011 ஆனது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல்.

வன்கொடுமைச் சட்டத்துக்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பார்வையற்ற ஒரு பட்டியல் சாதிப் பெண்ணின் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் வன்புணர்ச்சிக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தாலும், வன்கொடுமைக் குற்றச்சாட்டு இதனால்தான் நிற்கவில்லை. 2016 ஜனவரி 26-க்குப் பிறகு நடக்கும் குற்றங்களுக்கு அந்த முட்டுக்கட்டை இல்லை. அவள் பட்டியல் சாதி என்று தெரிந்து செய்தாலே போதும்.

ஆகவே புகார் எழுதும்போது நாம் சிலவற்றை மறக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் சாதியையும், குற்றம் செய்தவருக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரே ஊர், ஒரே அளம் என்பதுகூடச் சொல்லப்பட வேண்டிய விவரம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை தங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் அலுவலருக்கே சிறைத் தண்டனை உண்டு. வாக்குமூலத்தைப் பெண் அலுவலர் பதிய வேண்டும். வன்கொடுமை வழக்கை டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவர் விசாரித்து 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் சிகிச்சை இலவசம். இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. பெண்ணின் பழைய நடத்தையைக் கிளறும் கேள்விக்கும் இடமில்லை. நிவாரணத் தொகையில் பாதி மருத்துவச் சோதனைக்குப் பிறகும், கால் பங்கு குற்றப்பத்திரிகையின்போதும், மீதி விசாரணை முடிந்ததும் வர வேண்டும். அவள் பெயரை வெளியிடுவது குற்றம்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பணம் பேசி முடிப்பதற்கு இந்தச் சட்டங்கள் எதிலும் இடம் இல்லை. ஆண்டைக்கு விலக்கு கிடையாது என்று 1837-இல் எழுதப்பட்டதை ஊர்க்கூட்டத்தில் நாமே அழித்துவிடக் கூடாது. புகார் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.