வினையை வென்ற மகாவீரர்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல் மாணவன்)

என் தந்தையாரின் வலக்கையில் மூன்று விரல்களே உள்ளன. நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, கரும்பு ஆட்டும் ஆலையில் கூலி வேலைக்குச் சென்றிருந்த அவருடைய இரண்டு விரல்கள் உருளையில் சிக்கி நசுங்கிப் போயின. ஊரார் வந்தனர், பார்த்தனர், முற்பிறவியில் செய்த வினை என்று கூறிச் சென்றனர். தந்தையாரும் அதையே நம்பினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். எனக்கோ அந்தச் சொல் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. வினை என்பதுதான் என்ன? அதைத் தீர்க்க வழியே இல்லையா? அந்த உறுத்தலோடுதான் கல்லூரி நூலகத்தில் வர்த்தமான மகாவீரரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

சமணருள் திகம்பரர், சுவேதாம்பரர் என இரு பிரிவினர் உண்டு. மகாவீரரின் வாழ்க்கைச் செய்திகள் சிலவற்றில் அவர்கள் வேறுபடுவர். நான் இங்கே கூறுவன பெரும்பாலும் சுவேதாம்பர மரபில் வழங்குவன.

இன்றைய பீகார் மாநிலத்தில், வைசாலிக்கு அருகிலிருந்த குண்டக்கிராமத்தில், கி.மு. 599இல் சித்தார்த்தர், திரிசலை என்னும் அரச குடும்பத்தாருக்கு அவர் பிறந்தார் என்பது மரபு. பெற்றோர் மறைந்தபின் துறவு பூண விரும்பினார். தமையனார் நந்திவர்த்தனர் மனம் வருந்தித் தடுக்கவே, மேலும் இரண்டாண்டுகள் இல்லத்தில் பொறுத்திருந்தார். முப்பதாம் வயதில் செல்வத்தையெல்லாம் வழங்கிவிட்டு, தலைமயிரைத் தம் கையாலேயே பறித்தெறிந்து வெளியேறினார்.

சமணர் கூறும் வினை வெறும் விதியன்று; அது நுண்ணிய பொருள். எண்ணெய் பூசிய உடலில் புழுதி ஒட்டுவதுபோல, சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகியவற்றால் பிசுபிசுத்த உயிரில் அது ஒட்டிக்கொள்கிறது என்பர். வேதியியல் மாணவனாகிய எனக்கு இவ்விளக்கம் வியப்பூட்டியது. வினை வந்து சேர்வதை ஊற்று என்றும், அதைத் தடுப்பதைச் செறிப்பு என்றும், சேர்ந்ததைக் களைவதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமணர் அழகாகப் பெயரிட்டனர். ஏரிக்கு நீர் வரும் வழியை அடைத்துவிட்டு, உள்ளிருக்கும் நீரையும் இறைத்து வற்றச் செய்வது போன்றது இது. தியானமும் தவமுமே அதற்குரிய கருவிகள்.

அக்கருவிகளை மகாவீரர் பன்னிரண்டரை ஆண்டுகள் கையாண்டார். கைகளைத் தொங்கவிட்டு, உடலை மறந்து, அசையாமல் நின்று தியானித்தார். அத்தனை ஆண்டுகளில் அவர் உணவு கொண்டது 349 நாட்கள் மட்டுமே என்பர். இன்றைய மேற்கு வங்கப் பகுதியான லாட நாட்டில் மக்கள் அவர்மீது நாய்களை ஏவினர். அவர் கோலெடுத்து விரட்டவும் இல்லை. சினந்து நோக்கவும் இல்லை.

ஒருநாள் மாடு மேய்ப்பவன் ஒருவன் தன் எருதுகளைப் பார்த்துக்கொள்ளுமாறு அவரிடம் சொல்லிவிட்டுச் சென்றான். தியானத்தில் இருந்தவர் விடையளிக்கவில்லை. எருதுகள் எங்கோ சென்றுவிட்டன. திரும்பி வந்தவன் கேட்டான், அப்போதும் விடையில்லை. வெகுண்டவன் கூரிய குச்சிகளை அவருடைய இரு செவிகளிலும் அடித்து இறக்கினான். முன்னொரு பிறவியில் அரசராக இருந்தபோது, பணியாள் ஒருவனின் செவியில் உருக்கிய உலோகத்தை ஊற்றச் செய்த வினையே இவ்வாறு திரும்பியது என்கிறது மரபு. மகாவீரர் அவனை வெறுக்காது பொறுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஊரார் சொன்னதும் இதுதானே என்று நெஞ்சு கனத்தது. மறுநாள்தான் எஞ்சிய பகுதியைப் படித்தேன். பிச்சை ஏற்க அவர் சென்ற வீட்டில் ஒரு வணிகரும் மருத்துவர் ஒருவரும் அவர் முகத்தில் இருந்த வேதனையைக் கண்டுகொண்டனர். அது அவருடைய வினை என்று கூறி அவர்கள் வாளாவிருக்கவில்லை. பின்தொடர்ந்து சென்று, குச்சிகளைப் பிடுங்கி, புண்ணுக்கு மருந்திட்டனர். அத்தனை துன்பத்தையும் பொறுத்தவர், குச்சியைப் பிடுங்கிய நொடியில் வாய்விட்டு அலறினாராம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வினை என்பது ஒருவன் தன்னைப் பார்த்துத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு. பிறர் துன்பத்தைக் கண்டு ஒதுங்கிப் போவதற்கான சாக்கு அன்று.

பின்னர் ருஜுபாலிகை ஆற்றங்கரையில், சால மரத்தின் அருகே அவர் முற்றறிவு எய்தினார். அப்போது அவர் அமர்ந்திருந்தது பால் கறப்பவர் குந்தியிருக்கும் நிலையில். என் தந்தையாரும் நாள்தோறும் மாட்டின் அருகே அப்படித்தான் அமர்கிறார்! அதன்பின் 30 ஆண்டுகள் மக்கள் பேசிய அர்த்தமாகதி மொழியில் அறம் உரைத்து, 72ஆம் வயதில், கி.மு. 527இல் பாவாபுரியில் வீடுபேறு அடைந்தார் என்பர்.

சென்ற விடுமுறையில் இவ்வரலாற்றைத் தந்தையாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, செவிப்புண் ஆறியதா என்று மட்டும் கேட்டார். ஆறியது என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, அன்று தம் கையில் துண்டைச் சுற்றி, மிதிவண்டியில் ஏற்றி, எட்டுக் கல் தொலைவு மருத்துவமனைக்கு மிதித்துச் சென்ற தோழரைப் பற்றி முதன்முறையாகச் சொன்னார். வழி நெடுக அந்தத் தோழர் வினையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லையாம்.