கோயம்புத்தூர் தாயி அம்மாள்

குற்றாலச் சாரல் ஓட்டின் மீது விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பிரெஞ்சுப் பியானோ இசையை விளக்குவது கடினமன்று. நீரையும் ஒளியையும் மேகத்தையும் ஒலியால் தீட்டிக் காட்டியவர்கள் டெபுஸ்ஸியும் ராவெலும். அந்த ராவெலின் மாணவர் ஒருவர், தமிழ்ப் பெண்மணி ஒருவரின் இசைத்தட்டைக் கேட்டுப் பாட்டும் பியானோவுமாக ஓர் இசை எழுதினார் என்று எங்கள் இசை ஆசிரியை கூறியபோது, வகுப்பில் எவரும் நம்பவில்லை. அப்பெண்மணியே கோயம்புத்தூர் தாயி.

இவர் 1872ஆம் ஆண்டு பிறந்தார். இயற்பெயர் பழனிகுஞ்சரம். தாயி என்ற பெயரே நிலைத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஆடலும் பாடலும் பயின்ற தேவதாசிக் குடும்பத்தில் வந்தவர். அக்காலத்தார் இக்குடும்பப் பெண்களின் பாட்டை விரும்பிக் கேட்டனர். ஆனால் அவர்களுக்குச் சமமான இடம் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது எங்களுக்கு வருத்தமாகவே இருக்கிறது.

1902இல் கல்கத்தாவில் முதன்முதலாகக் கிராமபோன் பதிவு நடந்தது. பின்னர் அக்கருவி தென்னாட்டிற்கும் வந்தபோது வித்துவான்கள் பலர் தயங்கினர். துணிந்து முன்வந்தவர்களில் சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், நம் தாயி ஆகிய பெண்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அந்நாளில் மைக் கிடையாது. பெரிய குழாயின் வாய்க்கு நேராக நின்று உரத்த குரலில் பாட வேண்டும். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு. மணிக்கணக்கில் விரியும் இராகத்தை அதற்குள் அடக்குவது எளிதா? தாயி அதைச் செய்து காட்டினார். வள்ளலாரின் அருட்பாவை இராகமாலிகையாக அவர் பாடிய தட்டும் அவற்றுள் ஒன்று.

மோரிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சுக்காரர் 1912இல் இந்தியாவில் பயணம் செய்தார். அவர் தந்தை பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் தொழிலதிபர். மகனுக்கோ இசைப் பித்து! தாயியின் குரல் அவரை ஆட்கொண்டது. அத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு 'ராகமாலிகா' என்ற பாடலை எழுதினார். பியானோவில் மிருதங்கம் ஏது? அதற்கும் ஒரு வழி கண்டார். தாழ்ந்த சுரம் ஒன்றின் தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். கணீரென்ற ஒலி மங்கி, தோலில் தட்டுவதுபோல் கேட்டது. அமெரிக்கரான ஜான் கேஜ் பியானோத் தந்திகளுக்கிடையே திருகாணிகளைச் செருகிப் பெயர் பெற்றது 1940ஆம் ஆண்டு வாக்கில்தான். (எங்கள் பள்ளி ஆர்மோனியத்தில் அட்டை செருக இடமில்லை, பார்த்துவிட்டோம்.)

1917இல், தமது நாற்பத்தைந்தாம் வயதில் தாயி காலமானார்.

இரண்டு பதிவுகளையும் இசை வகுப்பில் அடுத்தடுத்துக் கேட்டோம். பிரெஞ்சுப் பாடகியின் குரல் தெளிவாக இருந்தது. பியானோ மழை விட்ட பின் இலைகளிலிருந்து சொட்டும் நீர்போல இனித்தது. ஆனால் தமிழ்ச் சொற்களைப் புரிந்துகொள்ள நாங்கள் திணறினோம். சுரங்களோ படிக்கட்டுப் போலத் தனித்தனியே நின்றன. பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றுமில்லையே! தாயியின் தட்டிலோ கரகரவென்ற இரைச்சல். முதலில் சிலர் சிரித்தோம். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து குரல் எழுந்து, ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு வழுக்கி, குழைந்து, சட்டென்று அடுத்த இராகத்திற்குள் நுழைந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. டெலாஜ் எவ்வளவு அன்போடு காது கொடுத்திருக்கிறார் என்பதும், அவரால் எதை எழுத முடியாமற் போயிற்று என்பதும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கின.

மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எதை மறுபடி கேட்க வேண்டும் என்று ஆசிரியை வினவ, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் தாயியின் பெயரைச் சொன்னோம்.