கமலா நேருவின் உயிரைப் பறித்த காசநோய்: சிலரை மட்டும் அது ஏன் வீழ்த்துகிறது?

நேருவின் மனைவி, இந்திராவின் அம்மா. கமலா நேருவைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இல்லையா?

1899-ல் டெல்லியில் பிறந்தவர். 1916-ல் திருமணமாகி அலகாபாத் ஆனந்த பவனுக்கு வந்தார். 1926-ல் காசநோய் சிகிச்சைக்காக ஸ்விட்சர்லாந்து போக வேண்டியிருந்தது. அந்த உடம்போடுதான் 1930-ல் பெண்களைத் திரட்டி அந்நியத் துணிக் கடைகள் முன் மறியல் செய்தார். 1931-ன் முதல் நாளே கைதானார்.

பிறகு குமாவுன் மலையில் உள்ள பவாலி சானடோரியம். 1935-ல் ஜெர்மனி. நிலைமை மோசமாக, அல்மோரா சிறையில் இருந்த நேருவை விடுவித்து அனுப்பினார்கள். 1936 பிப்ரவரி 28-ல் லொசான் நகரில் கமலா இறந்தார். வயது 36. காசநோய்க்கான முதல் ஆன்டிபயாடிக் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943-ல்தான்.

கிருமி புகுந்தாலே நோயா?

இல்லைங்க. கிருமி தொற்றியவர்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோய் வருகிறது. மற்றவர்களின் உடம்பு அதை அடக்கி வைத்துவிடுகிறது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தும் தொற்றே தெரியாதவர்களும் உண்டு.

இதில் ஜீனின் பங்கு என்ன?

ஒரே குடும்பம்னா வீடும் பொது, ஜீனும் பொது. இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவியவர்கள் இரட்டையர்கள். ஒருவருக்கு டிபி வந்தால் இன்னொருவருக்கும் வருவது, உருவம் ஒத்த இரட்டையர்களிடம்தான் அதிகம் என்று 1940-களிலேயே ஆய்வுகள் காட்டின.

நுரையீரலுக்குள் வரும் கிருமியை மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கும். விழுங்கியதைக் கொல்ல, இன்டர்ஃபெரான் காமா என்ற சிக்னல் வேண்டும். அதற்கு உதவுகிற ஜீன்களில் ஒன்று டி.ஒய்.கே-2. இதன் ஒரு மாறுபட்ட வடிவத்தை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு டிபி ஆபத்து அதிகம் என்று 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது.

அப்போ இது பரம்பரை வியாதியா?

கிடையாது. கிருமி காற்றில்தான் வருகிறது. எதிர்த்து நிற்கும் பலத்தில் ஒரு பங்கைத்தான் ஜீன் தருகிறது. சத்துக்குறைவு, சர்க்கரை நோய், எச்ஐவி, புகைப்பழக்கம் எல்லாமே அந்தப் பலத்தைக் குறைக்கும். வரன் பார்க்கும்போது, அந்தக் குடும்பத்தில் டிபி இருந்ததாமே என்று யாராவது இழுத்தால் இதைச் சொல்லுங்க.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம். கமலாவுக்குக் கிடைக்காத மருந்து, உங்க ஊரிலேயே இருக்கிறது.